வெள்ளவத்தையில் ஓடிப் பழகியது

எங்கள் மூத்த மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இளையவளுக்கு எட்டு. சனிக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி இரத்மலானையில் ஒரு நீச்சல் வகுப்புக்குப் போய்வருவார்கள். அதைப் பிடிவாதமாகத் தொடங்கிவைத்தவர் என் கணவர். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு, கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்தவர்கள் நாங்கள். படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அதில் இருந்த ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கரையில் கால் வைத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "இவளுக்கு நீச்சல் பழக்க வேணும்."

வகுப்பை நடத்தியவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு கத்தோலிக்கப் பெண். பிள்ளைகள் அவரை மிஸ் என்றார்கள், பிறகு நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். ஒரு சனிக்கிழமை அவர் எங்களை மறித்து, பள்ளி விடுமுறையில் குடும்பங்களுக்கென்று ஒரு சின்ன ட்ரையத்லன் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"பெருசா ஒண்ணுமில்ல அக்கா. பூல்ல கொஞ்சம் நீந்தணும், கிரவுண்டைச் சுத்தி சைக்கிள் ஓடணும், பிறகு ஓடி முடிக்கணும். பிள்ளையோட அம்மாவோ அப்பாவோ கூடவே வரணும். அவ்வளவுதான்."

என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். பல காலமாகக் காணாத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது. அவர் மூத்தவளோடும் நான் இளையவளோடும் சேருவதென்று வீடு வந்து சேருமுன்னமே முடிவாகிவிட்டது. இளையவளுக்கு ட்ரையத்லன் என்ற சொல் வாயில் வரவில்லை. "மூண்டு ஓட்டம்" என்று அவளே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள்.

நீந்துவதற்கு வகுப்பு இருந்தது. ஓடுவதற்குத்தான் இடமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து இறங்கினால் கடலோரம் ரயில் பாதையும் அதை ஒட்டிய வீதியும். காலையில் அங்கே காற்று நன்றாக இருக்கும். ஆனால் மூலைக்கு மூலை மண் மூட்டைக் காவலரண்கள். முதல் நாள் நாங்கள் நால்வரும் ஓடிக்கொண்டு போனபோது, காவலரணிலிருந்த இளம் சிப்பாய் துவக்கைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான்.

"துவன்ன எப்பா," என்றான். ஓட வேண்டாம். அதட்டலாகச் சொல்லவில்லை. பயந்த மாதிரிச் சொன்னான்.

அன்றிலிருந்து காவலரண் தெரிந்ததும் நடப்போம். அது மறைந்ததும் ஓடுவோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தூரத்தில் மண் மூட்டையைக் கண்டதும் இளையவள் வயதானவரைப் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடப்பாள். மூத்தவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் சிரித்தேன். பிள்ளைகள் இப்படியும் ஒன்றைப் பழக வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் இருந்தது.

போட்டிக்குச் சில நாட்கள் இருக்கையில் நகரத்தில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் காலை ஓட வேண்டாமென்று நான் தடுத்தேன்.

"இண்டைக்கு நிண்டால் நாளைக்கும் நிக்க வேணும்," என்றார் அவர். "கெதியா வந்திடுவம்."

மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் இடியப்பத்தை இறக்கி வைத்துவிட்டுச் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பாவை ஜீப்பில ஏத்திப் போட்டாங்கள்."

அவர் போட்டிருந்தது பையில்லாத காற்சட்டை. அடையாள அட்டை கதவுக்குப் பின்னால் தொங்கிய நீளக் காற்சட்டைக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் போன பொலிஸ் நிலையத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இன்னொன்றுக்குப் போகச் சொன்னார்கள். என் சிங்களம் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான். வழியில் ஒரு கடையிலிருந்து மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். நான் அழுது முடிக்கும்வரை கூட அவர் காத்திருக்கவில்லை. "நீங்க அங்கயே இருங்க அக்கா, நான் வாறேன்," என்று வைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். இருவரும் அடுத்த நிலையத்துக்குப் போனோம், என் கணவர் அங்கேதான் இருந்தார். அங்கிருந்த அதிகாரி தூங்கிப் பல நாளானவரைப் போல இருந்தார். மிஸ் சிங்களத்தில் விளக்கினார். தன்னுடைய நீச்சல் வகுப்பு, எல்லா இனத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், குடும்பப் போட்டி, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று. அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். மிஸ் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"வீதியில வச்சு மகளிட்ட என்ன செய்றீங்கன்னு கேட்டிருக்காங்க. அவ, அப்பா எனக்கு ட்ரெய்னிங் தாறாருன்னு சொல்லியிருக்கா. அது என்ன ட்ரெய்னிங்னு கேக்கிறார்."

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்த ஒரு தமிழன் தன் பிள்ளைக்கு ட்ரெய்னிங் கொடுக்கிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இயக்கத்தின் ஆயுதப் பயிற்சி. நீந்தவும் சைக்கிள் ஓடவும் ஓடவும் என்று மிஸ் சொல்லச் சொல்ல, அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது.

அன்று விடவில்லை. மறுநாள் பின்னேரம், மிஸ் வகுப்புக்கு வரும் ஒரு சிங்களப் பிள்ளையின் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். அதே காற்சட்டையோடு வீட்டுக்கு வந்தார். நேரே குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. மூத்தவள் கதவடியிலேயே நின்றாள். அவர் வெளியே வந்ததும், "அப்பா, நான்தான் அப்பிடிச் சொன்னனான்," என்றாள்.

"என்ன சொன்னனீ?"

"ட்ரெய்னிங் எண்டு."

"அது ட்ரெய்னிங்தானே குஞ்சு. வேற என்னெண்டு சொல்றது?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் துவாயைத் தோளில் போட்டபோது முதுகில் ஒரு கன்றிய தடம் தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "விடும்," என்றார். என்றைக்குமே சொல்லவில்லை.

போட்டியை விட்டுவிடலாமென்றுதான் நான் நினைத்தேன். இளையவள் விடவில்லை. "போங்கோ, நாங்களும் வந்து பாக்கிறம்," என்றார் அவர். போட்டியன்று மூத்தவளைத் தண்ணீரில் இறங்கச் சொல்லி மிஸ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

வந்திருந்தது மிகக் கொஞ்சக் குடும்பங்கள். குண்டுக்குப் பிறகு பலர் பிள்ளைகளை வெளியே விடவில்லை. இளையவள் நீந்தினாள். நான் ஆழமில்லாத பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி அவளுக்குப் பக்கமாகத் தண்ணீருக்குள் நடந்தேன். சைக்கிளில் ஏறியதும் எனக்கே ஆச்சரியம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், டியூசன், கோயில் எல்லாம் சைக்கிளில் போய்வந்தவள் நான். கொழும்புக்கு வந்தபின் தொட்டதேயில்லை. கால்கள் மறக்கவில்லை. "அம்மா, மெல்ல! எனக்காக நில்லுங்கோ!" என்று இளையவள் பின்னாலிருந்து கத்தினாள். அந்த ஒரு சுற்றில் மட்டும் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஓட்டத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தோம். மிஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் போலவே அவளுக்கும் ஒரு பதக்கம் போட்டுவிட்டார். மரத்தடியில் என் கணவர் கைதட்டினார். எழுந்து வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இளையவள் பதக்கத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெஹிவளை தாண்டும்போது முன்னால் பஸ்கள் நிறுத்தப்படுவது தெரிந்தது. சோதனை. மூத்தவள் தங்கையின் பதக்கத்தைக் கழற்றித் துவாய்க்குள் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"கேட்டா நீ ஒண்டும் சொல்லாத," என்றாள் காதுக்குள்.

"ஏன்?"

"சொல்லாத எண்டால் சொல்லாத. அம்மா கதைப்பா."

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

மூத்தவள் அதன்பின் நீச்சல் வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவளை லண்டனில் என் தங்கையிடம் அனுப்பினோம். விமான நிலையத்தில் தகப்பன் அவள் தலையைத் தடவி, "அங்க போய் நல்லா ஓடு," என்றார். அவள் ஓம் என்றாள். ஓடியதாக இதுவரை எனக்குத் தெரியாது.