எந்தப் புலம்?

காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினேன். போகவர மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசன், வாய் ஓயாத மனிதர்.

எங்கள் தேசிய இயற்பியல் கழகத்தின் மாநாடு இம்முறை தஞ்சாவூரில். மாலை நான்கு மணிக்கு இளம் விஞ்ஞானி விருது. அதைப் பெறவேண்டியவர் செல்வி என்ற பெண், வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். விடுப்பில் மயிலாடுதுறைக்கு அப்பால் சொந்த ஊருக்கு வந்திருந்தார். நேரில் வந்து வாங்காவிட்டால் விருது அடுத்தவருக்குப் போய்விடும் என்பது எங்கள் கழகத்தின் அசட்டு விதி. அவர் பெயருக்காகத் தேர்வுக் குழுவில் தொண்டை வறளச் சண்டை போட்டவன் நான். நேற்று மாலையிலிருந்து அவர் கைப்பேசி அணைந்து கிடந்தது. நானே போய் அழைத்துவருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து மயிலாடுதுறை முப்பத்தைந்து. இருபுறமும் சம்பா பால் பிடித்து நின்றது, ரசிக்க மனசில்லை.

"ஏன் சார் கையப் பிசையறீங்க? போயிரலாம்," என்றார் முருகேசன்.

தரங்கம்பாடிச் சாலையில் சற்று தூரம் போய், வாய்க்கால் ஓரமாகத் திரும்பினோம். ஊர் முனையில் ஒரு டீக்கடை. நான் 'பிசிக்ஸ்' என்ற சொல்லை வாயில் எடுக்காத ஆள். முப்பது வருடம் தமிழில் பாடம் நடத்திய கொழுப்பு.

"தேசிய இயற்பியல் கழகத்துலேருந்து வர்றேன்," என்றேன் கடைக்காரரிடம்.

"கழகமா? எந்தக் கழகம்ங்க?"

"கட்சி இல்லைங்க. ஆராய்ச்சி. புலம் சம்பந்தமா செல்வியைப் பார்க்கணும்."

மின்புலம், காந்தப்புலம் என்று இயற்பியல் பேசும் புலக் கோட்பாடுதான் செல்வியின் துறை. ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் கடையில் பேச்சு நின்றது. டீ குடித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள்.

"அந்தப் பொண்ணு ஊர்ல இல்லைங்க. வடக்க போயிருச்சு," என்றார் கடைக்காரர்.

 போச்சு, எல்லாம் போச்சு என்று காருக்குத் திரும்பினேன். முருகேசன் மட்டும் டீயோடு அங்கேயே நின்று எதையோ பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கடையே சிரித்தது.

கடைக்காரர் கார் வரைக்கும் வந்தார். "மொதல்லயே பிசிக்ஸு, அவார்டுன்னு சொல்லியிருக்கலாம்ல சார்? போன வருசம் நெலத்த அளந்து புலப்படம் போடணும், ஆராய்ச்சின்னு நாலு பேரு வந்தாங்க. நாங்களும் டீ குடுத்து உக்கார வெச்சோம். மறு மாசம் நெலத்த எடுக்கப்போறோம்னு வயல்ல கல்லு நட்டுட்டாங்க. புலம்னாலே எங்களுக்குப் பகீர்ங்குது."

செல்வி வீட்டில்தான் இருந்தார். இரண்டு நாளாக மின்சாரமில்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். புறப்பட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் அம்மா அஞ்சம்மாள் முன்பு கூலிக்கு நடவு நட்டவர். பிறகு வாங்கிய சொந்த வயலை வைத்து மகளைப் படிக்கவைத்தவர். அவரும் காரில் ஏறிக்கொண்டார்.

மூன்றரைக்கு அரங்கத்தில் இருந்தோம். மேடையில், "புலக் கோட்பாட்டில் ஆற்றிய பணிக்காக" என்று வாசித்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அஞ்சம்மாள் என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, அது எந்தப் புலம்? எங்க இருக்கு?"

"எல்லா எடத்துலயும் இருக்கும்மா. இங்க, வானத்துல, உங்க வயல்லகூட. கண்ணுக்குத் தெரியாது."

அவர் நிமிர்ந்து மேடையில் நின்ற மகளைப் பார்த்தார்.

"அப்ப அதுல யாரும் கல்லு நட முடியாது," என்று சொல்லிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்.