கூட்டித் தள்ளிய கற்கள்

நான் ஊர் சுற்றிவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பியது 1997 செப்ரெம்பரில். பிராக், கிராக்கோ, ஜெருசலேம், கொச்சி என்று ஒன்றரை வருடம். வந்த ஒரு மாதத்திலேயே டோர்செட் பார்க்கில் அம்மாவின் அப்பார்ட்மென்ற் என்னைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். "உவளுக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கு" என்று அம்மா ரெலிபோனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா.

அதே கட்டடத்தில் வேரோனிக்கா அன்ரி இருந்தா. பேசாலைக்காரி, கத்தோலிக்கர். இங்கே வந்த பிறகுதான், நாற்பது தாண்டிய வயதில், கார் ஓட்டப் பழகினா. லைசென்ஸ் கிடைத்ததும் வான் ஓட்டத் தொடங்கினா. கிழமை நாட்களில் ஒரு முதியோர் நிலையத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸிஸ் லேர்மனுக்கு.

மிஸிஸ் லேர்மன் ஓய்வுபெற்ற ஆசிரியை. மொன்றியலிலிருந்தும் பஃபலோவிலிருந்தும் வரும் யூதக் குடும்பங்களுக்கு இந்த நகரத்தில் அவர்களுடைய பழைய இடங்களைக் காட்டுவா. கென்சிங்ரன் மார்க்கெற்றில் ஒரு தொழுகைக்கூடம், ஸ்பெடைனாத் தெருவில் முன்பு தையல் தொழிற்சாலைகள் இருந்த கட்டடங்கள், கிழக்குப் பக்கம் வீடுகளுக்கு நடுவே பூட்டிய கேற்றுக்குப் பின்னால் ஒரு பழைய இடுகாடு. இந்த வேலைக்காகவே அன்ரி தன் பூசையைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டா. ஆனால் ஒரு இடத்துக்குள்ளும் அவ கால் வைத்ததில்லை. வானை விட்டுத் தள்ளிப் போனால் பார்க்கிங் ரிக்கற் எழுதிப்போடுவார்கள். கண்ணாடி துடைப்பா, சீற் தட்டுவா, கேற்றுக் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்பா. சும்மா இருக்கத் தெரியாத மனுசி. அதனால்தான் எனக்கு அவவைப் பிடித்தது.

அந்த ஒக்ரோபர் கடைசியில் மிஸிஸ் லேர்மனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இடுகாட்டுக் கேற்றுப் பூட்டின் திறப்பை முதன்முறையாக அன்ரியிடம் கொடுத்து, "ஞாயிறு காலையில் முன்கூட்டியே போய்த் திறந்து, இலைகளைக் கூட்டிவிடு. நாங்கள் ரக்சியில் வருகிறோம்" என்று சொன்னாவாம். அன்ரி அந்தத் திறப்பை அம்மாவுக்குக் காட்டினா, எனக்குக் காட்டினா, லிஃப்ற்றில் வந்தவர்களுக்கும் காட்டினா.

"என்னை நம்பித் தந்திருக்கிறா, பிள்ளை. மற்றதெல்லாம் வான் ஓட்டிறதுக்குத் தந்த திறப்பு. இது எனக்குத் தந்தது."

அந்த ஞாயிறு நவம்பர் இரண்டு, கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நானும் வானில் தொற்றிக்கொண்டேன். பின்சீற்றில் வாளி, தும்புத்தடி, தேய்க்கிற பிரஷ், ஒரு பெட்டி மெழுகுதிரி.

"இலை கூட்ட மெழுகுதிரி ஏன் அன்ரி?"

"இண்டைக்கு எங்கட ஊரில சேமக்காலையில கல்லறை முழுக்கக் கழுவி வெள்ளை அடிச்சிருப்பினம். அவரின்ர கல்லறைக்கு நான் போய் ஏழு வருசம். கழுவ ஒரு ஆளில்லை." இறந்துபோன கணவரைத்தான் சொன்னா. பிறகு சிக்னலைப் பார்த்து, "போடா, பச்சை வந்திட்டுது" என்று முன்னால் நின்ற காரைத் திட்டினா.

அவ கேற்றைத் திறந்ததும் எனக்கு உள்ளே நிற்க முடியவில்லை. தெருவழியே நடந்தேன். ஒரு கோப்பிக்கடை, ஒரு பாலம், இன்னொரு கோப்பிக்கடை. திரும்பி வந்தபோது கல்லறைகள் பளபளத்தன. பாசி போயிருந்தது. அன்ரி கைகளை இடுப்பில் ஊன்றி நின்றா.

"எப்பிடி? குப்பையெண்டா குப்பை. ஒவ்வொண்டுக்கு மேலயும் கல்லைக் குவிச்சு வைச்சிருக்கு. ஆரும் பெடியள் விளையாடியிருப்பாங்கள்."

வாளி நிறையச் சிறு கற்கள்.

"அன்ரி! உது குப்பையில்லை. யூதர் கல்லறைக்குப் பூ வைக்கமாட்டினம். கல்லுத்தான் வைப்பினம். வந்து பார்த்திட்டுப் போனதுக்கு அடையாளம். நான் பிராக்கில கண்டனான்."

அன்ரி வாளியைப் பார்த்தா. பிறகு வெறுமையாகிப்போன கல்லறைகளைப் பார்த்தா.

"மெழுகுதிரி கொளுத்தேல்லைத்தானே?"

"கொளுத்தினனான், காத்தில நிக்கேல்ல" என்றா, அழுகிற குரலில்.

"கெதியா, எல்லாத்திலயும் ரெண்டு மூண்டு வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

நான் ஒரு பிடி அள்ளினேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. "வையடி வாளிக்குள்ள. எது ஆரின்ர கல்லெண்டு தெரியாமல் வைச்சா, அது பொய்யெல்லே?"

"மிஸிஸ் லேர்மன் திறப்பை வாங்கிப்போடுவா, அன்ரி."

"வாங்கட்டும்."

ரக்சி வந்தது. தடியூன்றி இறங்கிய மிஸிஸ் லேர்மனுக்குப் பின்னால் மொன்றியல் குடும்பம் ஒன்று, கனத்த கோட்டுகளோடு. அன்ரி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவவிடம் போய், தன் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னா. எங்கள் ஊரில் கழுவுவோம், கல்லை எடுப்போம், எனக்குத் தெரியாது, மன்னியுங்கள்.

மிஸிஸ் லேர்மன் ஒரு வரிசை முழுவதும் நடந்து பார்த்தா. முகம் வெளுத்திருந்தது. "மெல்பேர்னிலிருந்து ஒருவர் வந்து வைத்த கல் இதற்குள் இருக்கிறது. அவர் இனி வரமாட்டார்" என்றா. பிறகு கையை நீட்டினா. அன்ரி வளையத்திலிருந்து திறப்பைக் கழற்றப் பாடுபட்டா. நகம் உடைந்தது. திறப்பு மிஸிஸ் லேர்மனின் கோட் பைக்குள் போனது.

குடும்பம் கேற்றடியில் கால் மாற்றி நின்றது. எனக்கும் ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

மிஸிஸ் லேர்மன் தடியால் பின்மதிலைக் காட்டினா. அங்கே வெறும் புல். "அது குழந்தைகளுக்கான வரிசை. பெயர்க்கல் இல்லை. அங்கே ஒருவரும் கல் வைப்பதில்லை. இவற்றை அங்கே வை." அன்ரி வாளியைச் சரிக்கப் போனா. "கொட்டாதே! கையால், ஒவ்வொன்றாக."

அன்ரி ஈரப் புல்லில் முழந்தாளிட்டா. நானும் முழந்தாளில் இருந்தேன். மொன்றியல் பெண் ஒருத்தி கோட்டைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் குந்தினாள். கற்கள் குளிர்ந்திருந்தன. விரல் விறைத்தது.

"இனி என்னைக் கூப்பிடுவாவோ எண்டு கேளன்" என்று அன்ரி என் காதுக்குள் சொன்னா. "நீ வடிவா இங்கிலீசு கதைப்பாய்."

நான் எழுந்து போய்க் கேட்டேன். மிஸிஸ் லேர்மன் என்னைப் பார்க்காமல், முதல் வரிசையில் ஈரம் காயாத கல்லறையொன்றைத் தடவிக்கொண்டிருந்தா.

"அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வானைக் கொண்டு வரச் சொல். கேற்றை நான் திறப்பேன்."

திரும்பி வந்து சொன்னேன். அன்ரி தலையாட்டிவிட்டு, வாளிக்குள் அடுத்த கல்லுக்குக் கையை விட்டா.