காசைத் திருப்பிக் கொடுத்த வேட்பாளர்

மேற்கு லண்டனில் மார்ஷ்பீல்ட் என்றொரு வட்டாரம். கொடியில் காயப்போட்ட சேலையை விமானம் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயப்படும் அளவுக்கு அங்கே விமானங்கள் தாழப் பறக்கும். அந்த விமானங்கள் இறங்கும் நிலையத்தில் இருபத்து நான்கு வருடம் கழிப்பறைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் தவமலர். அவள் ஷிப்டில் நின்றால் தரை கண்ணாடிதான். ஒரு விமானி அந்தத் தரையைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டு நின்று தன் விமானத்தையே தவறவிட்டாராம். விமானி இல்லாமல் விமானம் எப்படிப் போனது என்று யாரும் கேட்கக் கூடாது.

அப்படிப்பட்டவளிடம் போய்த்தான் கவுன்சிலர் ஸ்ரீஸ்கந்தராஜா வாயைக் கொடுத்தார்.

கடைத்தெருவில் இருந்த ஒரேயொரு பொதுக் கழிப்பறையைக் கவுன்சில் பூட்டிவிட்டது. கீரை வாங்க வந்த வயதுபோன பெண்கள் கடை கடையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, பிறகு கடைத்தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். அறுபத்திரண்டு வயதுத் தவமலருக்கு இது தன் வீட்டுக் கதவைப் பூட்டியது போல இருந்தது. கோயில் வாசலில் கவுன்சிலரை மறித்தாள்.

“தம்பி, அந்தக் கக்கூசை ஏன் பூட்டினவை?”

“ஐயோ அக்கா, நான் எவ்வளவு எதிர்த்தனான் தெரியுமே? வயதுபோன ஆக்கள்தானே என்ரை முதல் அக்கறை!”

அவருடைய துண்டுப்பிரசுரத்திலும் முதலாம் இலக்கத்தில், கொட்டை எழுத்தில், அதுதான் இருந்தது. தவமலர் வீட்டுக்குப் போனாள். கவுன்சில் கூட்டங்களின் காணொளிகள் இணையத்தில் கிடக்கின்றன. பெற்ற தாயும் பார்க்காத அந்தக் காணொளிகளை, மற்றவர்கள் சீரியல் பார்ப்பது போல ஒன்றுவிடாமல் பார்த்தாள். நாலு வருடத்தில் முப்பத்தெட்டுக் கூட்டங்கள். பதினேழுக்கு அவர் வரவேயில்லை. வந்த அன்றும் அநேகமாகப் போனைத் தடவிக்கொண்டிருந்தார். கழிப்பறைத் தீர்மானத்தன்று மட்டும் நேரத்துக்கு வந்து, வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் பவுண் செலவு என்று முழங்கி, பூட்டச் சொல்லி முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருந்தார்.

“தொண்ணூறாயிரமோ! அந்தக் காசுக்கு நான் பன்னீரிலை கழுவுவன்,” என்றாள் தவமலர். “இஞ்சை பாருங்கோ, மே மாசம் நான் எலக்சன் கேக்கப் போறன்.”

“உனக்கென்ன விசரே?” என்றார் கணவர் சற்குணம்.

“ஓம். தேத்தண்ணியைப் போடுங்கோ.”

கட்சி இல்லை, சுயேச்சை. தேர்தல் முகவராக ஆனந்தராஜா வந்து சேர்ந்தார். தபால் கந்தோர் கவுன்டரில் முப்பது வருடம் இருந்தவர். மருந்துப் போத்தலோடு வரும் தாளைக்கூடக் கடைசி வரிவரை வாசிக்காமல் மருந்து குடிக்காதவர்.

பிழை விட்டது சற்குணம். ஆதரவாளர்களுக்குத் தேநீர்க் கூட்டம் ஒன்றை அவர்தான் ஒழுங்கு செய்தார். சற்குணமோ மேற்கு லண்டனில் நடக்கும் எந்தக் கலியாணத்திலும், எந்தப் பூப்புனித நீராட்டுச் சாமத்திய வீட்டிலும் வாசல் மேசையில் இருந்து மொய் என்வலப் வாங்கிக் கொப்பியில் பேர் எழுதுகிற மனிதர். கை பழகிய பழக்கத்தில் இங்கேயும் வாசலில் மேசை போட்டு, பட்டுத்துணி விரித்து, பெட்டியும் கொப்பியுமாகக் குந்திவிட்டார். மேசையைக் கண்ட சனம் சும்மா உள்ளே போகுமா? நாற்பத்து மூன்று என்வலப்புகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் முறைப்படி ஐம்பத்தொரு பவுண்.

அடுத்தநாள் கொப்பியைப் பார்த்த ஆனந்தராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“சற்குணம், என்ன செய்து வைச்சிருக்கிறீர்? ஐம்பது பவுணுக்கு மேலை ஒரு பென்ஸ் கூடினாலும், தந்தவர் இஞ்சத்தை வாக்காளர் இடாப்பிலை இருக்கிறாரோ எண்டு பாக்கோணும். முப்பது நாளுக்குள்ளை பிடிபடாட்டில் திருப்பிக் குடுக்கோணும்!”

“எல்லாரையும் எனக்குத் தெரியும் அண்ணை.”

“உமக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியாதே! இதென்ன, ‘சண்டிலிப்பாய்ப் பெரியக்கா குடும்பம்’? சண்டிலிப்பாய் லண்டனிலை எந்தப் போஸ்ட்கோட்? இது ஆர், ‘பாரிஸ் தம்பி’?”

“அவன் லீவிலை வந்து நிண்டவன்...”

“லீவிலை வந்தவனிட்டைக் கலியாணத்துக்கு வாங்கலாம். எலக்சனுக்கு ஏலாது!”

கதை சுவருக்குச் சுவர் தாவி ஸ்ரீஸ்கந்தராஜாவின் காதுக்கும் போனது. “வெளிநாட்டுக் காசு. அவ வெண்டாலும் நான் விடன், முறைப்பாடு குடுப்பன்,” என்று அவர் கடைகளில் சொல்லித் திரிந்தார். தவமலர் ஓர் இரவு யோசித்தாள். வாக்குப்பதிவுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்.

“முழுக்காசையும் திருப்பிக் குடுப்பம். என்ரை கையாலை,” என்றாள் காலையில்.

சற்குணத்துக்கு முகம் செத்துவிட்டது. வைத்த மொய்யைத் திருப்பிக் கொடுப்பது சண்டைக்கு அழைப்பது அல்லவா? “நாற்பத்து மூண்டு வீட்டு வோட்டும் போச்சு,” என்றார்.

முதல் வீடு ஜெகதீஸ்வரியுடையது. சண்டிலிப்பாய்ப் பெரியக்கா அவர்தான். என்வலப்பைக் கண்டதும் பத்திரகாளி இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

“எடி தவம், என்ரை காசிலை என்ன ஊத்தையோ? எத்தினை நல்லது கெட்டதிலை என்ரை வீட்டிலை கை நனைச்சனீ!”

“அக்கா, உள்ளை விடுங்கோ, சொல்லுறன்.”

திட்டிக்கொண்டே உள்ளே விட்டார். திட்டிக்கொண்டே தேத்தண்ணி தந்தார். தவமலர் சட்டத்தைச் சொன்னாள். ஏன் தேர்தல் கேட்கிறாள் என்பதையும் சொன்னாள். போனை எடுத்து அந்தக் காணொளியைக் காட்டினாள். ஜெகதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“உது அவன்ரை கைதானே?”

“ஓம் அக்கா. மோதிரம் தெரியேல்லையே?”

“முழங்கால் நோவோடை நான் கடைத்தெருவிலை தவிக்கேக்கை, தான் எதிர்த்தனான் எண்டெல்லோ சொன்னவன்! திருப்பிப் போடு பாப்பம்.”

மூன்று தரம் பார்த்தார். பிறகு பேர்சைத் திறந்தார்.

“ஐம்பதுக்கு மேலை ஏலாதெண்டால் ஐம்பது வாங்கன்.”

“வாங்கலாம் அக்கா.”

“சீ! நல்ல காரியத்துக்கு ஒண்டு வைக்காமல் மொட்டையா ஐம்பதோ?” ஒரு கணம் யோசித்தார். “அப்ப நாற்பத்தொண்டு. சட்டத்துக்கும் சரி, சாமிக்கும் சரி. பிடி!”

இந்த யோசனை ஆனந்தராஜாவுக்கே வரவில்லை என்பதில் அவருக்குச் சின்ன வருத்தம். ஆனால் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரே மற்ற வீடுகளுக்கும் கூட நடந்தார். பாரிஸ் தம்பியின் காசு மட்டும் பாரிசுக்கே திரும்பிப் போனது. மற்ற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டை, ஒரு தேத்தண்ணி, ஒரு காணொளி, ஒரு நாற்பத்தொன்று. காசைத் திருப்பித் தருகிற அரசியல்வாதி ஒருத்தி தெருவில் திரிகிறாள் என்ற செய்தி விமானத்தைவிட வேகமாகப் பறந்தது. என்வலப் வைக்காத வீடுகளும் கோபித்துக்கொண்டன. “எங்கடை வீட்டுக்கு ஏன் இன்னும் காசு திருப்பித் தர வரேல்லை?” என்று கேட்டார்கள். பக்கத்துக் குஜராத்திக் குடும்பமும், போலந்துக்காரத் தச்சனும் அந்தக் கையைத் தங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேட்டார்கள்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு பள்ளி மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம். ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து, “என்ரை எதிராளி தன்ரை காசுக் கணக்கைச் சபைக்குச் சொல்லுவாவோ?” என்று கேட்டார்.

ஆனந்தராஜா பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார். திருப்பிக் கொடுத்ததற்கு நாற்பத்து மூன்று கையெழுத்து. பாரிஸ் தம்பியுடையது தபாலில் வந்திருந்தது.

“என்ரை கணக்கு இது,” என்றாள் தவமலர். “இனி உங்கடை கணக்கு, தம்பி. முப்பத்தெட்டுக் கூட்டத்திலை பதினேழுக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

அவர் தண்ணீர் குடித்தார். போத்தல் முடிந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசம். முடிவு அறிவித்த அதிகாரி ‘தவமலர்’ என்ற பெயரை வாய்க்குள் போட்டு மென்று துப்புவதற்குள் மண்டபம் அதிர்ந்தது. மேலே போன விமானம் கொஞ்சம் ஆடியதாகவும் கேள்வி.

ஆடி மாதம் அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம், கழிப்பறையைத் திறப்பது. செலவு விவரத்தைச் சவர்க்காரம்வரை வாசித்தாள். தொண்ணூறாயிரம் முப்பத்தோராயிரமாகச் சுருங்கியது. பார்வையாளர் மாடத்தில் இடமில்லாமல் சனம் படியில் இருந்தது; முன்வரிசையில் ஜெகதீஸ்வரியும் சற்குணமும். ஆதரவாக முப்பத்து மூன்று கைகள், எதிராகப் பத்தொன்பது. தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் சொன்னார். கைதட்டல் அடங்கும் முன்பே மாடத்திலிருந்து ஜெகதீஸ்வரியின் குரல் சபை முழுக்கக் கேட்டது:

“ஆரடா அந்தப் பத்தொன்பது பேர்? சற்குணம், ஒருத்தரையும் விடாமல் பேரை எழுதும்!”