செங்கல் விமானத்தில் ஓர் அரசமரம்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிக் குழாயோரம் ஓர் அரசங்கன்று நாலு இலை விட்டிருந்தது. பிடுங்கப் போன காவலாளியை நான் தடுக்கவுமில்லை, பிடுங்கு என்று சொல்லவுமில்லை. கீழே வந்து காபி குடித்த பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "வயசாச்சு, பி.பி. பாருங்க" என்றாள் மனைவி. பி.பி. இல்லை ஐயா, செஞ்சி.

அறுபதுகளில் அங்கே கோயில் திருப்பணிக்கு அளவெடுத்துப் படம் வரையும் தற்காலிக ஆள் நான். கோட்டைக்கு வரும் கூட்டம் எட்டிப் பார்க்காத, பனமலைப் பாதையோரத்துச் சிவன் கோயில். அடித்தளம் மட்டும் கருங்கல்; மேலே விமானம் முழுக்கத் தட்டைச் செங்கல். பூசை நின்றுபோன கருவறைக்குள் நின்று அண்ணாந்தால், வரிசைக்கு வரிசை விரலளவு உள்ளே தள்ளி அடுக்கி உச்சியில் ஒன்றாய்ச் சேர்த்திருப்பது தெரியும். மரச்சட்டம் கிடையாது, இரும்பு கிடையாது. பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஏதோ நானே கட்டியதுபோல அந்தச் சாய்ந்த தலையோடு பெருமையாகத் திரிந்தேன்.

அந்த உச்சியைப் பிளந்துகொண்டுதான் அரசமரம் நின்றது. அதன் வேர் சுவரோடு இறங்கிக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். பிள்ளையில்லாத பெண்கள் அதில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்ததும் வந்து அவிழ்க்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலைக்கு வந்த காதர் பாய் விமானத்து வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை போயிற்று.

"மழைக்கு முன்னாடி மரத்த எறக்கிடணும் தம்பி. இல்லாட்டி மொத்தமும் உக்காந்துடும்."

ஊரில் யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் செல்லம்மாவைக் கை காட்டினார்கள். பல வருஷம் கழித்து, தொட்டில் கட்டிய பிறகு உண்டானவள். நிறைமாதம். வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ள பொறக்கற வரிக்கும் பொறுத்துக்க தம்பி. அப்பறம் நானே அருவா எடுத்துக்குனு வரேன்."

"மழை பொறுக்குமாக்கா?"

"ஏன், ஒனக்கு செங்கல்லுதான் பெருசா?"

பாய் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. மேகத்தைப் பார்ப்பேன், நாலு கோடு போடுவேன், அழிப்பேன், செல்லம்மா வீட்டுப் பக்கம் நடப்பேன். "இன்னா சார், வலி எடுத்துச்சா?" என்று டீக்கடையில் என்னைத்தான் கேட்டுச் சிரித்தார்கள்.

மழை முந்திக்கொண்டது. ஒரு நாள் விடிந்தபோது மரமும் விமானமும் ஒன்றையொன்று விடாமல் சரிந்து கிடந்தன. கிழக்குப் பக்கம் மட்டும்தான் வரைந்து முடித்திருந்தேன். ஈரச் செங்கல் மேட்டில் உட்கார்ந்து அழுதேன். செல்லம்மாமேல் அப்படியோர் ஆத்திரம்.

மாதம் திரும்பியதும், பிரசவத்துக்குப் போன இடத்திலிருந்து நேரே மகளைத் தூக்கிக்கொண்டு செல்லம்மா வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறிச் செங்கல்லைப் புரட்டத் தொடங்கினாள்.

"தொட்டில அவுக்கணுமே தம்பி. அவுக்காம இவள எப்பிடி வூட்டுக்கு இட்டுக்குனு போவேன்?"

பாயும் சேர்ந்து புரட்டினார். இருட்டும்வரை கிடைக்கவில்லை. என் ஆத்திரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பல வருஷம் கழித்து இன்னொருமுறை போனேன். மேட்டைச் சமப்படுத்தி அதன்மேலேயே சிமெண்டுக் கோயில் எழுப்பி, கண் கூசும் வண்ணம் அடித்திருந்தார்கள். பாய் இல்லை, செல்லம்மா இல்லை. மேற்குப் பக்கம் எப்படி இருந்ததென்று சொல்ல ஒருவருமில்லை. செல்லம்மாவின் மகள்தான் வாசல்வரை கூட வந்தாள்.

"அம்மா சாவுற வரிக்கும் உள்ள போவல சார். அடியில என் தொட்டில் இருக்குதாம், மிதிக்கக் கூடாதாம்."

நான் உள்ளே போய்க் கும்பிட்டுத் திரும்பினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றிருந்தாள்.