பழைய மாடலின் தட்டைச் சீட்டு

மோட்டார் சைக்கிள் விற்கிறவர்களுக்கு ஒரு கெட்ட காலம் உண்டு: புது மாடல் வந்து இறங்கியிருக்கும், பழைய மாடல் போகாமல் நிற்கும். பழசுக்குத் தள்ளுபடி, புதுசுக்குப் பவுசு, நடுவில் கால் கடுக்க நிற்பது நாம். சேலையோ செல்போனோ மிக்ஸியோ, கடையில் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். நான் நிற்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பைக் ஷோரூமில். பெயர் ஜெபா. வருகிறவர்களில் பாதிப் பேர் ‘மேடம்’ என்பார்கள், மீதிப் பேர் ‘தாயி’ என்பார்கள். தள்ளுபடி கிடைக்காதவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

போன தடவை வந்த புது மாடலில் இன்ஜின் அதேதான். மீட்டரில் எண்கள் பச்சையாக எரிந்தன, டேங்கில் ஸ்டிக்கர் மாறியிருந்தது. பின்சீட்டு மட்டும் முன்சீட்டை விட ஒரு சாண் உயரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. பழசில் இரண்டு பேருக்கும் ஒரே நீளச் சீட்டு, பலகை மாதிரி தட்டையாக இருக்கும். இந்தச் சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டு வந்தவர்

வள்ளியூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். இரண்டு வண்டிகளைப் பற்றியும் யூடியூபில் உள்ள அத்தனை வீடியோவையும் பார்த்திருந்தார். டயரின் அகலம் முதல் ஹாரனின் சத்தம் வரை எனக்கே பாடம் எடுத்தார். புதுசை ஓட்டிப் பார்த்தார், பழசை ஓட்டிப் பார்த்தார், மறுபடியும் புதுசை ஓட்டிப் பார்த்தார். கடைசியில் பழசே போதும், பெரிய வித்தியாசம் இல்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

நான் பில் போட உட்கார்ந்தேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் மாறிவிட்டது. எழுதவிடாமல் பில்லைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்: “கோளாறு இல்லன்னா எதுக்குக் குறைச்சுக் குடுக்கிய? நல்ல வண்டின்னா நீங்களே வச்சுக்கிட மாட்டியளா?”

மாப்பிள்ளை வண்டி

நாங்குநேரியிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் வண்டி கேட்டிருக்கிறார்கள், இந்த மாடல்தான் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பழசையே எடுத்து, புதுசின் ஸ்டிக்கரை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். இதை முதலில் கேட்டவர் அவர் இல்லை. மாப்பிள்ளைக்கு வண்டி எடுக்க வருகிற அப்பாக்களில் பல பேருக்கு இந்த யோசனை வரும். மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றாது.

மகள் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, அங்கிருந்து நேரே வந்திருந்தாள், கையில் சாக்பீஸ் தூசி. அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: “புதுசே எடுங்கப்பா. பழசுன்னு தெரிஞ்சா அவங்க வண்டியவா வைவாவ? என்னையத்தான் வைவாவ.”

துண்டு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முத்தையா வந்தார், கூடவே மனைவி பேச்சியம்மாள். வாழைத்தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கிற வேலை அவருக்கு. சட்டையில் வாழைக்கறை போகாமல் இருந்தது. மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலிக்கு வந்தாக வேண்டும். “வரும்போது நல்லாத்தான் வருவா தாயி. திரும்பும்போதுதான் தலை நிக்காது. பஸ்ஸுல ஒருத்தனும் எந்திரிச்சு எடம் தர மாட்டேங்கான்” என்றார். அதற்குத்தான் வண்டி. மைலேஜ் கேட்கவில்லை, தள்ளுபடியும் கேட்கவில்லை. மனைவியை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

முதலில் புதுசு. பின்சீட்டில் ஏற்றிவிட நானும் ஒரு கை பிடித்தேன். அவள் தலை அவர் தலைக்கு மேலே நின்றது. சாய இடமில்லை, முன்னால் குனிந்தால் அவர் பிடரிதான். “என்னமோ தேர்ல ஏத்திவிட்ட மாதிரி இருக்கு” என்று இறங்கிவிட்டாள். அடுத்து பழசு. முத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவளையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். எங்கள் ஷோரூம் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேச்சியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கன்னத்தை அவர் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “இதுன்னா நான் தூங்கிட்டே வீடு போய்ச் சேந்துருவேன்.”

கடைசிப் பழசு

அவர்கள் உட்கார்ந்து பார்த்த அந்த வண்டிதான் எங்களிடம் இருந்த கடைசிப் பழசு. அதற்கும் முன்பணம் கட்டி வைத்திருந்தார் பாளையங்கோட்டை சார் ஒருவர். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தள்ளுபடி இன்னும் கூடுமா என்று தினமும் காலை நடையோடு நடையாக வந்து கேட்டுவிட்டு, வண்டியை எடுக்காமலே போவார். எங்கள் மற்ற இரண்டு கிளைகளுக்கும் போன் போட்டேன். இரண்டு இடத்திலும் பழசு தீர்ந்துவிட்டது. சீட்டை மட்டும் தட்டையாக்க வழியுண்டா என்று மெக்கானிக் சுடலையிடம் கேட்டேன். “பஞ்ச வெட்டலாம்க்கா. கீழ கம்பியே மேல வளைஞ்சுதான போகுது, அத வெட்ட முடியாது” என்றான்.

மறுநாள் காலையில் சாரை உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு கட்டியதையும் சொன்னேன். அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “பாவந்தான்மா. அதுக்காகத் தள்ளுபடியில கிடைச்சத விட்டுக்கொடுக்க நான் என்ன கோட்டிக்காரனா?” அன்றைக்கே வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு நாள் வராத அவசரம் அன்றைக்கு அவருக்கு வந்தது என்னால்தான்.

அட்டைச் சாவி

முத்தையா புதுசையே எடுத்தார். வேறு கடைக்குப் போய்ப் பாருங்கள் என்று மேனேஜர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். இப்போது வருகிற வண்டி எல்லாமே பின்னால் தூக்கித்தான் வருகிறதாம். பஸ்ஸுக்கு இது மேல் என்றார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, புருஷன் பெண்டாட்டி கையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்து, எல்லாருக்கும் எடுப்பதுபோல ஒரு போட்டோ எடுத்தோம். பேச்சியம்மாள் உயரத்தில் உட்கார்ந்து அட்டைச் சாவியை இறுகப் பிடித்திருந்தாள். பிடிக்க வேறு எதுவும் அவள் கைக்கு எட்டவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் துண்டைக் கட்டப் பார்த்தார். அவர் இடுப்பும் அவள் இடுப்பும் ஒரே மட்டத்தில் இல்லை. முடிச்சு நழுவி நழுவி அவர் மார்புக்கு ஏறியது. மேனேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: “ரெண்டு நாளு ஓட்டுங்க அண்ணாச்சி, எல்லாம் பழகிரும்.”

முதல் சர்வீஸ்

முதல் இலவச சர்வீஸுக்கு முத்தையா தனியாக வந்தார். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல் இருந்தது. என்ன அண்ணாச்சி என்றேன். எடுத்த முதல் வாரமே திரும்பும்போது கருங்குளம் தாண்டி அவள் கண்ணயர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறாள். வண்டி மெதுவாகப் போனதால் முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அதற்குப் பிறகு வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். மறுபடி பஸ்தான். பஸ்ஸில் நிற்க முடியாத வாரம் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை.

போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்லபடியாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆட்டோவாவது பிடியுங்கள் என்றெல்லாம் சொன்னேன். சர்வீஸ் முடிந்து வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்கள். பின்சீட்டை அவரே துண்டால் இன்னொரு தடவை துடைத்தார். “நான் வையலாம், அடிக்கலாம் தாயி. பயப்படுதவள என்ன செய்ய?”

திரும்பி வந்தது

அடுத்த மாதமே பாளையங்கோட்டை சார் வண்டியோடு வந்து நின்றார். தெருவில் எல்லாரும் பழைய மாடல் என்று சிரிக்கிறார்களாம், மருமகன் ஊரிலிருந்து வந்து கேலி பண்ணினாராம். மாற்றிக்கொண்டு புதுசு வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் அந்தத் தட்டைச் சீட்டு கண்ணில் பட்டது, கோபம் போய்விட்டது. மேனேஜரிடம் மல்லுக்கு நின்று, முத்தையாவின் புது வண்டியை வாங்கிக்கொண்டு இந்தப் பழசைக் கொடுக்கச் சம்மதிக்க வைத்தேன். போன் போட்டேன். “அண்ணாச்சி, பழசு வந்துட்டு. சாயங்காலமே வந்து மாத்திக்கிடுங்க” என்றேன். சரி தாயி, வாரேன் என்றார்.

சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தலையையும் மீசையையும் மழித்திருந்தார். அன்றைக்குச் சிரித்த பையன்கள் விலகி அவருக்கு வழிவிட்டார்கள். அவர் பழசின் பக்கத்தில் போய் நின்று, பின்சீட்டை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். “நீ கூப்பிட்டியேன்னுதான் வந்தேன் தாயி. புதுசே இருக்கட்டும். தனியா ஓட்டுததுக்கு எந்தச் சீட்டா இருந்தா என்ன.”

எங்கள் தொழிலில் தள்ளுபடி சொன்ன தேதிக்கு முடிந்துவிடுகிறது, தேவைப்பட்ட வண்டிதான் பிந்தி வந்து சேர்கிறது.