இரண்டாவது கிண்ணத்துப் பால்

கிட்ட வந்து உட்காருங்க, இது உரக்கச் சொல்கிற விஷயம் இல்லை. மாசம் நிறையாமல் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற வார்டில் எனக்கு ஆயா வேலை. உள்ளே டாக்டரம்மாவும் சிஸ்டரும் உயிரைப் பிடித்து நிறுத்துவார்கள். கதவுக்கு வெளியே நிற்கிற சனத்தைப் பிடித்து நிறுத்துவது நான். உங்களில் எத்தனை பேர் அந்த மாதிரிக் கதவு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பீர்களோ! நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சுத்தியல் எடை

மஞ்சுளாவுக்கு ஏழாம் மாசத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஓசூருக்குத் தூக்கி வந்து ஆபரேஷன் பண்ணி இரண்டு பெண் குழந்தைகளை எடுத்தார்கள். பெரியவள் ஒன்றேகால் கிலோ. சின்னவள் ஒரு கிலோ கூட இல்லை. துணியில் சுற்றி நான்தான் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். கையில் துணி இருந்தது தெரிந்தது, குழந்தை இருந்தது தெரியவில்லை.

வெளியே அவள் புருஷன் முனிராஜும் மாமியார் மாதம்மாவும் நின்றார்கள். ஜவளகிரிப் பக்கத்துக்காரர்கள், வீட்டில் பேசுவது கன்னடம். மாதம்மா மடியில் கருப்புக் கயிறு, வசம்பு, ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். "நாக்குல ஒரு சொட்டு சேனை வெச்சிட்டு வந்துடறேன், வழிய விடு" என்றாள். அந்தச் சொட்டு மூச்சுக்குழலுக்குள் போனால் அதோடு சரி என்று சொல்லித் தடுத்தேன். என் வம்சத்தையே திட்டித் தீர்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முனிராஜ் கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன், தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு அப்படியே வந்திருந்தான். பாவம் என்று அவனை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்: "ஆயாம்மா, எங்க பட்டறையில சுத்தியே இதுக்கு மேல எடை இருக்கும்."

ஓரவஞ்சனை

மஞ்சுளாவை மாடி வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மறுபடி வலிப்பு வரலாம், ஒரு வாரத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. பெற்றவள் குழந்தைகள் முகத்தையே பார்க்கவில்லை. "இந்த எடைக்குத் தாய்ப்பால்தான் மருந்து" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் படியேறி, அவள் பிழிந்து வைக்கிற பாலை வாங்கி வர வேண்டும். சின்ன எவர்சில்வர் கிண்ணம் இரண்டு. பிளாஸ்திரி ஒட்டி, பெரியவளுக்கு ஒரு கோடு, சின்னவளுக்கு இரண்டு கோடு போட்டிருந்தோம். கீழே மூக்குக் குழாய் வழியாக நாலு மில்லி, அஞ்சு மில்லி என்று சிஸ்டர் ஊட்டுவார்கள்.

மஞ்சுளா செல்போனுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கிற பொருளில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்துத் தள்ளிவிடுவாளாம். அந்தக் கண்ணால்தான் என்னையும் பார்ப்பாள். பெரியவள் என்ன பண்ணுகிறாள், சின்னவள் என்ன பண்ணுகிறாள் என்று தனித்தனியாகச் சொன்னால்தான் கிண்ணம் கைக்கு வரும். பெரியவள் காலுறையை உதைத்துத் தள்ளிவிட்டாள். சின்னவள் கொட்டாவி விட்டாள். பெரியவளுக்கு விக்கல். சின்னவள் சிஸ்டர் விரலைப் பிடித்தவள் விடவே இல்லை. இப்படிச் சொல்லிச் சொல்லி, பார்க்காத பிள்ளைகளை அவளுக்கு நான் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பாள். "சரியா இருக்கா பாருங்க ஆயாம்மா. நாளைக்கு வளந்து வந்து, ஓரவஞ்சனை பண்ணிட்டன்னு என் குடுமியைப் புடிக்கப் போறாளுங்க."

வாயில் துணி

அஞ்சாம் நாள் மத்தியானம் சின்னவள் போய்விட்டாள். நுரையீரலில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூச்சு மிஷினை நிறுத்தினார்கள். துடைத்து, புதுத் துணியில் சுற்றி, முனிராஜ் கையில் கொடுத்தேன். ஊரில் கொண்டுபோய் அடக்கம் பண்ண ஒரு துண்டில் வைத்து எடுத்துப் போனான்.

மாதம்மா சத்தம் போடவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு நின்றாள். மாடிக்குக் கேட்டுவிடும் என்று பயம். பிறகு டாக்டரம்மா காலைப் பிடித்தாள், பெற்றவளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று. மறைப்பது தப்பு, நாலு நாளுக்குள் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆனால் பெரியவள் எடையும் இறங்கிக்கொண்டிருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதம்மா என் பக்கம் திரும்பினாள். பால் நின்றுபோகும் என்பதைத் தன் பாஷையில் சொல்லிவிட்டு, மிச்சத்தை என் பாஷையில் சொன்னாள்: "ஹாலு நிந்து ஹோகுத்தே ஆயாம்மா. போனவளுக்காக இருக்கறவளயும் சாவடிக்கணுமா?"

பத்து கிராம்

அடுத்த வேளைக்குப் படியேறினேன். பதினெட்டுப் படி, அன்றைக்குத்தான் எண்ணினேன். "ரெண்டும் நல்லாயிருக்கு மஞ்சுளா. ரெண்டும் தூங்குது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு கிண்ணத்தையும் கொடுத்தாள். இரண்டு கோடு போட்ட கிண்ணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கதவடியில் நின்றேன். சிஸ்டர் வாங்கி, பெரியவளுக்கே ஆகும் என்று பிரிட்ஜில் வைத்தார்கள்.

மறுநாள் முழுக்க அதே கதைதான். நான் போனால் ரெண்டும் நல்லாயிருக்கு, மாதம்மா போனால் ரெண்டும் நல்லாயிருக்கு. மஞ்சுளா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பால் மட்டும் ஒரு சொட்டுக் குறையவில்லை. பொய் நன்றாக நிலைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம்கூட வந்தது. ஒளிப்பானேன், வந்தது. மூன்றாம் நாள் காலையில் பெரியவளை எடை போட்ட சிஸ்டர், என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "நம்ம பொய்க்குப் பத்து கிராம் ஏறியிருக்கு ஆயாம்மா."

யானை மேய்ந்த ராகி

சின்னவளைப் புதைத்த மூன்றாம் நாள் அது. குழியில் பால் ஊற்ற முனிராஜ் ஊருக்குப் போயாக வேண்டும். மஞ்சுளாவிடம் என்ன காரணம் சொல்வது? மாதம்மா சொல்லிக்கொடுத்ததைப் போய் ஒப்பித்தான்: "காட்டுலேருந்து யானை எறங்கி ராகியெல்லாம் மேஞ்சிருச்சாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்." எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாதம்மா கட்டிலோரம் நின்றாள். நான் பாலுக்காக நின்றேன்.

மஞ்சுளா ஒரு கோடு கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். இரண்டு கோடு கிண்ணத்தின் மேல் ஒரு துணியைக் கட்டி முனிராஜ் கையில் வைத்தாள். "போற வழியில கடையில பால் வாங்காதீங்க. இதக் கொண்டுபோய் ஊத்துங்க. சிந்தாம புடிங்க" என்றாள்.

முனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிண்ணம் மட்டும் ஆடவில்லை. மூன்று நாள் வாயில் துணி வைத்திருந்த மாதம்மா அப்போதுதான் கத்தி அழுதாள். நான், "யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் ஆயாம்மா. அஞ்சு நாளா பெரியவ ஒதைக்கறா, சின்னவ கொட்டாவி விடறான்னு வேற வேறயா சொன்னீங்க. அப்பறம் திடீர்னு ரெண்டும் நல்லாயிருக்கு, ரெண்டும் தூங்குது. உசுரோட இருக்கற ரெண்டு பேரு எங்கியாவது ஒரே மாதிரி இருப்பாங்களா?"

"தெரிஞ்சும் ஏம்மா வாயத் தொறக்கல?"

"அத்தைக்கு இருக்கற பயந்தான் எனக்கும். அழுதா பால் நின்னுடுமோன்னு நானும் அழுவல. நான் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க, நீங்க சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன்."

பெரியவள் தேறி, இரண்டு கிலோ ஆகி, ஜவளகிரிக்குப் போனதெல்லாம் அப்புறம். நானும் மாதம்மாவும் முனிராஜுமாக மூன்று பெரிய மனுஷர்கள் பொய் சொல்லித்தான் அவள் பாலைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு அடுத்த வேளைக்கு நான் படியேறியபோது, அவள் கண்ணைத் துடைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரே ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பிழிய ஆரம்பித்திருந்தாள்.