கீரிமலையில் ஐம்பதைவிடக் குறைந்த அறுபது

1979 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பழைய டெலிபிரிண்டர் ஒன்றை விலைபேசச் சுன்னாகத்திலிருந்து கீரிமலைக்குப் போனேன். ஐம்பதைவிட அறுபது குறைவு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். டெலிபிரிண்டர் என்பது, இங்கே தட்டினால் கம்பி வழியே போய் மறுமுனையில் அதே எழுத்து அச்சாகும் இயந்திரம். வடக்கில் இப்படி ஒன்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

நான் வெங்காயம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன். அங்கே ஓட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் சரக்குக் கொடுக்கும் முதலாளி ஒருவர் தன் கந்தோரில் டெலிபிரிண்டர் வைத்துவிட்டார். தை பிறக்கமுன் நானும் வைத்தால் வருட ஓடர் எனக்கு, இல்லாவிட்டால் புத்தளத்து ஆளுக்கு. கம்பி தருவதாகத் தபால் தந்தித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இயந்திரம் எங்கள் பாடு. கடிதத்தில் வேகம் '50 போட்' என்றிருந்தது. போட் என்றால் என்னவென்று நான் விசாரிக்கவில்லை. ஐம்பது என்ற எண் மட்டும் மனதில் நின்றது.

காலை எட்டரைக்கு மணியத்தின் ஒஸ்டின் காரில் புறப்பட்டோம். போய்வர முப்பது ரூபாய், காத்திருந்தால் மேலே ஐந்து. மல்லாகம், தெல்லிப்பழை வழியாக ஏறக்குறைய ஆறு மைல். மழை பெய்து செம்மண் கரைந்து றோட்டில் ஓடியது. தெல்லிப்பழையில் ரயில் கடவை பூட்டியிருந்ததால் கால் மணித்தியாலம் வீணாயிற்று.

கீரிமலைக் கடலோரக் கேணியில் குளித்துவிட்டுப் போகலாம் என்றான் மணியம். பேரம் முடியட்டும் என்றேன். அந்தத் தண்ணீரில் இறங்கினால் மனம் இளகிவிடும். இளகிய மனத்தோடு விலை பேசக்கூடாது.

இயந்திரத்தை விற்க இருந்த பொன்னுத்துரை அண்ணை முப்பது வருடம் கப்பலில் செய்தி அனுப்பும் வேலை பார்த்தவர். உடைக்கப்போன அமெரிக்கக் கப்பலிலிருந்து இயந்திரத்தை வாங்கி வந்திருந்தார். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் அந்தருக்கு, அதாவது ஐம்பது கிலோவுக்கு, கிட்ட வரும்.

"மூண்டு வருசமா என்ரை நெல்லுப் பெட்டிக்கு மேலை குந்தியிருக்கு," என்றார் அவர் மனைவி பாக்கியம் அக்கா. "கொண்டுபோற ஆளுக்குத் தேத்தண்ணி என்ன, சோறே தாறன்."

வேகம் எவ்வளவு என்று அண்ணையிடம் கேட்டேன்.

"அறுபது. முன்னுக்குத் தகட்டிலையும் அடிச்சிருக்கு, பாரும்."

"எனக்கு அம்பது கேட்டிருக்கினம்."

"பிறகென்ன, தம்பி? பத்து மேலை கிடைக்குது. வெங்காயத்துக்கு உப்பிடி ஆரும் தருவினமோ?"

வெளியே மணியம் பின்சீற்றைக் கழற்றத் தொடங்கிவிட்டான். நானும் காசுப்பையில் கைவைத்தேன். அந்த நேரம் சந்தைப் பழக்கம் வந்து தடுத்தது. ஒருவன் அறுபது இருக்கிறது என்றால், மூட்டையா அந்தரா என்று கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை.

"அண்ணை, என்ன அறுபது?"

"நிமிசத்துக்கு அறுபது சொல்லு."

"அப்ப போட் எண்டால்?"

"அது துடிப்புக் கணக்கு. கம்பியிலை செக்கனுக்கு எத்தனை துடிப்பு எண்டு." சொல்லிவிட்டு அவரே என் கடிதத்தை வாங்கி மறுபடி பார்த்தார். "ரண்டும் ஒண்டில்லைத்தான். கப்பலிலை ரண்டு பக்கமும் ஒரே இனம். உதை நான் யோசிக்கத் தேவை வரேல்லை."

வேகத்தை நிறுக்காமல் வாங்கமாட்டேன் என்றேன். ஒரே இரண்டு எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் துளைநாடாவை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன். வரிவரியாக எண்ணினோம்: 368 எழுத்து. ஐந்து எழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்த்து ஆறுதான் ஒரு சொல்லாம். ஆறால் பிரித்தால் அறுபத்தொன்று. தகடு பொய் சொல்லவில்லை.

பிறகு மற்றப் பக்கம். ஓர் எழுத்துக்கு ஏழரைத் துடிப்பு வேண்டும் என்றார். ஐம்பதை ஏழரையால் பிரித்து, அறுபதால் பெருக்கினேன்: நிமிடத்துக்கு நானூறு எழுத்து. ஆறால் பிரிக்க, அறுபத்தாறு சொல்லும் மிச்சமும். ஆக, என் கம்பியின் ஐம்பது அவர் இயந்திரத்தின் அறுபதை விழுங்கிவிட்டது. அவருடையதைப் போட்டாக்கினால் நாற்பத்தாறுதான்.

"கொஞ்ச வித்தியாசம்தானே," என்றான் வாசலில் நின்ற மணியம்.

"டேய், ரண்டு பேர் காவடிக்கு ஒரே தாளத்திலை ஆடோணும்," என்றார் அண்ணை. "உவர் நூறு மூட்டை எண்டு அடிக்க, அங்கை குப்பையாத்தான் விழும்."

"அப்ப உது போகாதோ?" பாக்கியம் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கும் உள்ளே அதே கேள்விதான். வேறு இயந்திரம் யாழ்ப்பாணத்தில் நான் கேள்விப்படவில்லை. தைக்கோ இரண்டரை மாதம்தான் கிடந்தது. ஆனால் அண்ணை மூடியைக் கழற்றி, மோட்டருக்குப் பக்கத்தில் இரண்டு பற்சில்லைக் காட்டினார். அந்தச் சோடியை மாற்றினால் அறுபத்தாறு ஓடும். பம்பாயில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் பழைய கப்பல் சாமான் விற்கிறார், எழுதினால் அனுப்புவார்.

"மிசினிலை பிழையில்லை, அண்ணை. என்ரை கம்பிக்குத்தான் ஒத்துவராது. அப்ப விலையும் ஒத்துவராது."

"நீர் வெங்காயத்தை உரிக்கிற மாதிரி ஆளை உரிக்கிறீர்," என்றார், சிரித்துக்கொண்டே.

பேசி முடிய மதியமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கேணியில் இறங்கினேன். கடல் பத்தடியில் அடிக்க, உள்ளே நல்ல தண்ணீர் குளிர்ந்து கிடந்தது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். குளித்துத் துடைக்கத் துவாய் கொண்டுபோங்கள். செக்கன் முள் உள்ள கடிகாரமும் கொண்டுபோங்கள். தகட்டில் உள்ள எண்ணை நம்பலாம், அது எதை எண்ணுகிறது என்று கேட்ட பிறகு. கம்பிக் கடிதத்தைப் பையில் வையுங்கள், நினைவில் வைக்கவேண்டாம். சுன்னாகத்துக்கு அப்பால் வாடகைக் கார் சுலபமாக அகப்படாது, ஆகையால் போன காரையே மறித்து வைப்பது இலாபம்.

கேட்ட விலை நாலாயிரத்து ஐந்நூறு, முடிந்தது மூவாயிரத்து இருநூறு. ஆயிரம் அன்றைக்கே கொடுத்து இயந்திரத்தைக் காரில் ஏற்றினேன். மீதி, கொழும்பிலிருந்து முதல் செய்தி ஓரெழுத்தும் பிசகாமல் என் கடையில் விழும் நாளில். பற்சில்லு அவர் செலவு. மார்கழி முடிய அது வராவிட்டால் என் ஆயிரம் எனக்குத் திரும்பி வரும். இயந்திரம் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை பாக்கியம் அக்கா போட்டது.